கோல் வலை: கட்டுவது, காப்பது, கழற்றுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து மைதானப் பராமரிப்பு என்றால் பேச்சு புல்லில் தொடங்கும், கோட்டுக்குப் போகும், தண்ணீரில் முடியும். வலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது "வலை எங்கப்பா?" என்று ஒரு குரல் வரும், அப்போதுதான் ஓட்டம். ஒரு சங்கத்துக்காகப் பல வருடம் மைதான வேலை பார்த்தவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலை பந்து பட்டுக் கிழிவது அபூர்வம். வெயில், கொக்கி, புல்வெட்டும் இயந்திரம், தொங்கி விளையாடுகிற ஆட்கள், இந்த நான்கும்தான் வலையைத் தின்கின்றன.

வலை இல்லாமல் ஆடக் கூடாதா?

ஆடலாம். கால்பந்து விதிகளில் முதல் விதியே மைதானத்தைப் பற்றியதுதான். அதில் வலை "கட்டலாம்" என்றுதான் இருக்கிறது, "கட்ட வேண்டும்" என்று இல்லை. கட்டினால் சரியாகத் தாங்கி நிற்க வேண்டும், கோல்கீப்பருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வலை கட்டாயம் என்று தங்கள் விதிமுறையில் தனியாக எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலை வந்ததே ஒரு சண்டையால்தான். லிவர்பூலைச் சேர்ந்த பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி 1889-இல் எவர்டன் அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று ஒரே தகராறு. கம்பத்துக்குப் பின்னால் ஒரு பை மாதிரி வலையைத் தொங்கவிட்டால் பேச்சுக்கே இடமில்லையே என்று யோசித்தார். 1890-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆக, வலை என்பது அலங்காரத்துக்காக வந்ததில்லை, சாட்சிக்காக வந்தது. ஓட்டை விழுந்த வலை பொய்ச் சாட்சி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எந்த அளவில் வலை வாங்குவது?

பெரியவர்களுக்கான கோல் உள்ளளவில் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். இந்த இரண்டை மட்டும் கடைக்காரரிடம் சொல்லி வாங்கி வருகிறவர்கள்தான் அப்புறம் வலை போதவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள். இன்னும் இரண்டு அளவு வேண்டும்: மேலே குறுக்குக் கம்பத்திலிருந்து வலை எவ்வளவு தூரம் பின்னால் போகிறது, கீழே தரையில் எவ்வளவு தூரம் போகிறது.

ஓர் உதாரணம். மேலே 0.8 மீட்டரும் கீழே 2 மீட்டரும் ஆழம் என்றால், பின்பக்க வலை சாய்வாக இறங்கும். அந்தச் சாய்வின் நீளம் 2.44 இல்லை, ஏறக்குறைய 2.72 மீட்டர். மேலே ஆழமே இல்லாமல் குறுக்குக் கம்பத்திலிருந்து நேராக 2 மீட்டர் பின்னால் தரைக்கு இறங்குகிற கோலில் அதுவே 3.15 மீட்டருக்கு மேல் போகும். அளவெடுக்கும்போது டேப்பைச் சட்டத்தின் மேல் ஓட்டி, வலை போகிற வழியிலேயே அளந்துவிடுங்கள், கணக்கே வேண்டாம். கொஞ்சம் பெரிய வலை பரவாயில்லை. சின்ன வலையை இழுத்துக் கட்டினால் கிளிப்பும் போகும், வலையும் போகும்.

நைலானா, பாலிஎத்திலீனா, பாலிப்ரொப்பிலீனா?

திறந்தவெளி மைதானம் என்றால் என் ஓட்டு பாலிஎத்திலீனுக்கு. அது தண்ணீரை உறிஞ்சாது, மழைக்குப் பிறகும் அதே எடை, அதே தொங்கல். நைலான் வலுவானது, தொடுவதற்கும் மென்மை. ஆனால் ஈரத்தைக் குடித்து நீளும். காலையில் அழகாகக் கட்டிய வலை மழைக்குப் பிறகு வயிறு தள்ளி நிற்கும். பாலிப்ரொப்பிலீன் எடை குறைவு. ஆனால் வெயில் தாங்குவதற்கான சேர்மானம் கலக்காத பாலிப்ரொப்பிலீன் புற ஊதாக் கதிரில் சீக்கிரம் நொறுங்கிவிடும். அதனால் எதை வாங்கினாலும் "புற ஊதாக் கதிர் தாங்குமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

இழையின் தடிமன் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். தினமும் பயிற்சி நடக்கிற கோலுக்குத் தடித்தது, வாரம் ஒருமுறை கட்டிக் கழற்றுவதற்கு நடுத்தரமானது போதும். நிறம் உங்கள் இஷ்டம். கம்பம்தான் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விதி, வலைக்கு அப்படி எதுவும் இல்லை.

ஒரே ஓர் இழைதான் அறுந்திருக்கிறது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். உங்கள் வலையின் கண்ணி, அதாவது நான்கு பக்கமும் இழை சூழ்ந்த ஒரு கட்டம், 10 சென்டிமீட்டர் சதுரம் என்று வையுங்கள். ஓர் இழை அறுந்தால் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகள் இரண்டு ஒன்றாகிவிடும். அந்த ஓட்டையின் சுற்றளவு 60 சென்டிமீட்டர். நூல் எப்படி வளைந்து கொடுத்தாலும் 60-க்குள் 68 நுழையாது. பக்கத்தில் இன்னோர் இழையும் அறுந்தால் மூன்று கண்ணி ஒன்றாகி, சுற்றளவு 80. பந்து தாராளமாகப் போய்விடும்.

கண்ணி 12 சென்டிமீட்டர் என்றால் கதையே வேறு. ஓர் இழை அறுந்ததுமே சுற்றளவு 72. அந்த ஒரே ஓட்டையில் பந்து வழுக்கிக்கொண்டு வெளியே போகும். ஆகவே 10 சென்டிமீட்டர் வலையில் ஓர் இழை என்பது எச்சரிக்கை, 12 சென்டிமீட்டர் வலையில் அதுவே ஓட்டை.

வெளியே போவது மட்டுமா, உள்ளேயும் வரும். 2013 அக்டோபர் 18 அன்று ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் ஹோஃபன்ஹைமுக்கும் லெவர்குசனுக்கும் ஆட்டம். லெவர்குசன் வீரர் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியேதான் போனது. ஆனால் பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, வலைக்குள் அமைதியாகக் கிடந்தது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். ஆட்டம் 2-1 என்று லெவர்குசனுக்குப் போனது. ஹோஃபன்ஹைம் முறையிட்டும் முடிவு மாறவில்லை. பணம் கொழிக்கிற ஒரு லீகில், அத்தனை கேமராக்களுக்கு நடுவே நடந்தது இது. எல்லோரும் பின்வலையைத்தான் பார்ப்பார்கள். பக்கவாட்டு வலையில், கம்பத்தை ஒட்டி, கீழ்ப்பாதியில் பாருங்கள்.

கம்பத்தில் எதைக் கொண்டு கட்டுவது?

இரும்புக் கொக்கி மட்டும் வேண்டாம். பழைய மரக் கம்பங்களிலும் இரும்புக் கம்பங்களிலும் திருகி வைத்த வளைந்த கொக்கிகள் இன்னும் இருக்கும். கோல்கீப்பர் எகிறிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கும்போது, அல்லது வலை கட்டுகிறவர் மேலே தாவும்போது, விரலில் மோதிரம் இருந்தால் அது கொக்கியில் மாட்டும். உடம்பு கீழே வரும், மோதிரம் மேலேயே நிற்கும். அதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2007-08 பருவத்திலிருந்து இந்தக் கொக்கிகளுக்குத் தடையே போட்டுவிட்டது. உங்கள் ஊரில் தடை இருக்கிறதோ இல்லையோ, கழற்றிவிடுங்கள். கழற்றிய துளையை அடைத்தும்விடுங்கள்.

அலுமினியக் கம்பமாக இருந்தால் பின்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதில் செருகித் திருப்புகிற பிளாஸ்டிக் கிளிப்தான் சரி. வட்ட இரும்புக் கம்பத்துக்கு வெல்க்ரோ பட்டை நல்லது. கேபிள் டை மலிவு, உறுதி. ஆனால் ஒவ்வொரு முறையும் வெட்டித்தான் கழற்ற வேண்டும், வெட்டிய வால் பிளேடு மாதிரி கீறும். நிரந்தரமாக நிற்கிற வலைக்கு மட்டும் அதைப் போடுங்கள். வாலை ஒட்ட நறுக்கி, முனை பின்னால் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள்.

ஓர் அடிக்கு ஒரு கிளிப் என்று வைத்தால் குறுக்குக் கம்பத்துக்கு 24 அல்லது 25, கம்பம் ஒன்றுக்கு 8, மொத்தம் ஏறக்குறைய 40 ஆகும். வாங்கும்போது 50 வாங்குங்கள். காணாமல் போவதில் சாக்ஸுக்கு அடுத்தபடி வலைக் கிளிப்தான்.

கட்டும் வரிசையும் முக்கியம். பலர் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குப் போவார்கள், கடைசியில் ஒரு பக்கம் மூன்று கண்ணி மிஞ்சும் அல்லது போதாமல் நிற்கும். முதலில் குறுக்குக் கம்பத்தின் நடு, அடுத்து இரண்டு மூலை, அப்புறம் இடைவெளிகளை நிரப்புங்கள். வலையின் மேல் மூலைகளிலும் நடுவிலும் ஒரு கலர் நூல் முடிந்து வைத்தால் அடுத்த முறை இருட்டிலும் கட்டலாம்.

வலை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பின்வலையை உள்ளங்கையால் தள்ளினால் ஒரு சாண் உள்ளே போக வேண்டும். தம்புரா மாதிரி இறுக்கினால் பந்து பட்ட வேகத்தில் மைதானத்துக்கே திரும்பி வந்துவிடும், கம்பத்தில் பட்டதா வலையில் பட்டதா என்று பிராடி காலத்துச் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். ரொம்பத் தளர்த்தினால் கோல்கீப்பர் பின்னால் நகரும்போது காலணியின் அடியில் இருக்கிற ஸ்டட் மாட்டிக்கொள்ளும்.

கீழே பந்து நழுவிப் போகிறது. என்ன செய்வது?

வலையின் பலவீனமே அடி ஓரம்தான். மேலே 40 கிளிப் மாட்டிவிட்டு, கீழே நாலு முளை அடித்து வேலையை முடிக்கிறவர்கள்தான் அதிகம்.

கணக்குப் போடுங்கள்: பின்பக்கம் 7.32, பக்கங்கள் 2 மீட்டர் வீதம், மொத்தம் 11 மீட்டருக்கு மேல். முக்கால் மீட்டருக்கு ஒன்று என்றால் 15 முளையாவது வேண்டும். முளையின் தலை கோலைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், தரைமட்டத்துக்கு மேல் துருத்தக் கூடாது. வலையின் ஓரக் கண்ணியில் நேரடியாக மாட்டாமல், ஓரத்தில் தடித்த கயிறு ஒன்றைக் கோத்து அந்தக் கயிற்றில் முளையை மாட்டினால் இழுவை ஓர் இழையில் விழாது, ஓரம் முழுக்கப் பரவும். இந்த ஒரு வேலையால் மட்டும் வலையின் ஆயுள் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கணுக்கால் இடறும் இடத்தில் கல், செங்கல், தளர்ந்த இரும்புக் குழாய் எதையும் வைக்காதீர்கள். பந்தைத் துரத்திக்கொண்டு சறுக்கி வருகிற பையன் வலைக்குள் போய்த்தான் நிற்பான். செயற்கைப் புல்லில் முளை அடிக்க முடியாது; அடித்தால் விரிப்பு போச்சு. அங்கே பின்பக்கத் தரைச் சட்டத்திலேயே வலையைக் கிளிப் போட்டு மாட்டுவதுதான் வழி.

வலையை முளை அடித்துப் பிடித்திருக்கிறோம். நகர்த்தும் கோலுக்கு அது போதாதா?

போதாது. போதவே போதாது. முளை பிடித்திருப்பது வலையை, கோலை இல்லை.

நகர்த்தும் கோலில் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கம்பமும் குறுக்குக் கம்பமும் முன்னால், பின்னால் ஒல்லியான சட்டம். குறுக்குக் கம்பத்தில் ஒரு சிறுவன் தொங்கி முன்னால் ஆடினால், 2.44 மீட்டர் உயரத்தில் நெம்புகோல் போட்டு இழுத்த மாதிரி. கோல் முன்பக்கமாகக் கவிழும், அதன் கீழே அவனே இருப்பான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1979 முதல் 1994 வரை மட்டும் நகர்த்தும் கோல்கள் கவிழ்ந்து குறைந்தது 21 பேர் இறந்ததாகப் பதிவு செய்திருக்கிறது.

எனவே பின்பக்கத் தரைச் சட்டத்தைத் தரையோடு பிணைக்க வேண்டும். மண்ணில் திருகி இறக்கும் நங்கூரம் நல்லது. மண் இல்லாத இடத்தில் பின்சட்டத்தின் மேல் எடை வைக்க வேண்டும், அதற்கென்றே செய்த எடைகள் அல்லது மணல் மூட்டைகள். எடையை வலையின் மேல் போடாதீர்கள், சட்டத்தின் மேல் போடுங்கள். கோல் எதுவானாலும் தரையோடு உறுதியாகப் பிணைத்திருக்க வேண்டும் என்று ஆட்ட விதியே சொல்கிறது, நகர்த்தும் கோலும் அதில் அடக்கம். பயிற்சி ஆட்டம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஆட்டமே இல்லாத நேரத்தில்தான் கோல் கவிழ்கிறது.

பின்னால் வேலி இருக்கிறது. அதிலேயே வலையை இழுத்துக் கட்டினால் என்ன?

1998 ஏப்ரல் 1. மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ரியல் மாட்ரிடும் டோர்ட்முண்டும். கோலுக்குப் பின்னால் இருந்த வேலியில் ரசிகர்கள் ஏறி உலுக்க, வலை அந்த வேலியோடு பிணைந்திருந்ததால் ஆட்டம் தொடங்கும் முன்பே கோல் அப்படியே சாய்ந்து விழுந்தது. பயிற்சி மைதானத்திலிருந்து வேறு கோல் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பின்னால் இழுக்க வேண்டும் என்றால் அதற்கென்று தனிக் கம்பம் நடுங்கள். யாரும் சாயாத, ஏறாத கம்பம்.

புல் வெட்டும்போது வலையை என்ன செய்வது?

தூக்கிக் கட்டுங்கள். அடி ஓரத்தைச் சுருட்டி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, கொக்கி இல்லாத எலாஸ்டிக் கயிற்றால் நாலைந்து இடத்தில் கட்டினால் போதும். இயந்திரத்தின் கத்தியில் ஒரு கண்ணி மாட்டினால் வலையை மொத்தமாக இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

முளைகளை எண்ணுங்கள். அடித்தது 15 என்றால் பிடுங்கியதும் 15 இருக்க வேண்டும். ஒருமுறை 14-ஓடு திருப்தியாக வீட்டுக்குப் போனேன். பதினைந்தாவதை மறுநாள் புல்வெட்டும் இயந்திரம் கண்டுபிடித்துக் கொடுத்தது. கத்தி மாற்றிய செலவில் இரண்டு வலை வாங்கியிருக்கலாம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கழற்ற வேண்டுமா?

பூட்டிய மைதானம், நிலையான கோல் என்றால் பருவம் முழுக்க விட்டுவைக்கலாம், அடி ஓரத்தை மட்டும் தூக்கிக் கட்டிவிட்டு. இரவில் தரையோடு கிடக்கிற வலையில் பாம்பும் பறவையும் சிக்கும். காலையில் அதை வெட்டி எடுக்கும்போது உங்கள் வலையும் சேர்ந்து வெட்டுப்படும்.

யார் வேண்டுமானாலும் வந்து போகிற திடல் என்றால் கழற்றுவதே மேல். வலை தொங்குகிற கோல் பிள்ளைகளுக்கு ஏணி மாதிரி. நகர்த்தும் கோலானால் வலையைக் கழற்றிய பிறகு முகம் தரையைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள், அல்லது இரண்டு கோல்களை முகத்தோடு முகம் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

எப்படி எடுத்து வைப்பது?

காய வைத்து. வெறும் தண்ணீரில் மண்ணை அலசி, நிழலில் உலர்த்தி, அகலவாக்கில் மடித்துச் சுருட்டி, இரண்டு இடத்தில் கட்டி, எந்தக் கோலுடையது என்று அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். தரையில் போடாதீர்கள், எலிக்குப் பிடித்த படுக்கை அது. பெட்ரோல் டப்பா, களைக்கொல்லி, பேட்டரி இருக்கிற மூலையும் வேண்டாம். அமிலம் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருக்கும், இழுத்தால் விட்டுவிடும்.

கிழிசலை நாமே தைக்க முடியுமா?

முடியும், ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மீனவர்கள் வலை சீர் செய்கிற அதே முடிச்சு, அதே வலை ஊசி. அதே பொருளில், அதே தடிமனில் நூல் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய நூலால் தைத்தால் அது பழைய இழையை அறுக்கும்.

தைப்பதற்கு முன் வெட்ட வேண்டும் என்பதுதான் புதியவர்களுக்குப் புரியாது. கிழிசலைச் சுற்றிப் பிய்ந்து தொங்குகிற இழைகளை முடிச்சு வரை நறுக்கிச் சுத்தமாக்குங்கள். முடிச்சிலிருந்து பிரிந்து போகிற ஒவ்வோர் இழையும் ஒரு கால். தொடங்குகிற முடிச்சிலும் முடிக்கிற முடிச்சிலும் மூன்று கால் மிஞ்சியிருக்க வேண்டும், நடுவில் வருகிறவற்றில் இரண்டு கால். அப்படி அமையும் வரை வெட்டினால் நூல் ஒரே ஓட்டமாக மேலிருந்து கீழே போகும், எங்கும் அறுத்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. கண்ணி ஒரே அளவில் வர, வலைக் கண்ணியின் அகலத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நூல் முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

முடிச்சில்லாமல் பின்னிய வலைக்கு இந்த வித்தை ஒத்துவராது. பழைய வலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கிழிசலின் மேல் வைத்து ஓரம் முழுக்கக் கண்ணிக்குக் கண்ணி கோத்துவிடுங்கள். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், சரி, கேபிள் டை போட்டு ஓட்டையை இழுத்து மூடுங்கள். அன்றைக்கு மட்டும்.

நடுவர்தான் வலையைப் பார்ப்பாரே?

பார்ப்பார். அவர் பார்த்து "கீழே கட்டுங்கள்" என்று சொல்லும்போது உங்கள் கையில் முளை இருக்க வேண்டும். அவர் வருவதற்கு முன்பே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு போய் வலையின் நான்கு கீழ் மூலைகளிலும் உள்ளேயிருந்து காலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கம்பத்தடியில் உள்ள இரண்டு மூலைகளை யாரும் பார்ப்பதில்லை. பந்து நழுவுவது அங்கேதான்.

ஸ்பான்சர் பெயரை வலையில் தொங்கவிடலாமா?

கூடாது. கோலிலும் வலையிலும் விளம்பரம் கூடாது, வலைக்குள் இருக்கிற தரையிலும் கூடாது என்று விதி இருக்கிறது. கேமரா, மைக் எதையும் மாட்டவும் கூடாது. விதியை விடுங்கள், பேனர் கட்டிய வலை காற்றுக்குப் பாய் மாதிரி. நகர்த்தும் கோலைத் தூக்கிவிடும்.

எப்போது வலையைத் தூக்கிப் போடுவது?

வருடக் கணக்கு வைக்காதீர்கள். மேல் ஓரத்தில், வெயில் நேராக விழுகிற இடத்தில் ஓர் இழையை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். பொடியாகவோ துரும்பாகவோ கையில் ஒட்டினால் முடிவு நெருங்கிவிட்டது. அடுத்து ஒரு கண்ணிக்குள் குச்சியை விட்டு நன்றாக முறுக்குங்கள். நல்ல வலை குச்சியைத் திருப்பி விடும், செத்த வலை சத்தமில்லாமல் அறும். மூன்று நான்கு இடத்தில் இப்படி அறுந்தால் அதைத் தைப்பது வீண் வேலை. இன்று இங்கே தைத்தால் நாளை பக்கத்தில் கிழியும்.

போடுவதற்கு முன் கிளிப்புகளைக் கழற்றிக்கொள்ளுங்கள். வெயில் படாத அடிப்பகுதியில் நல்ல துண்டு இருந்தால் ஒட்டுப் போட வெட்டி வையுங்கள். மிச்சத்தை முழு வலையாகக் குப்பையில் வீசாமல், துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள், நாயோ பறவையோ அதில் மாட்டாது.